நிறம் மாறும் டம்ளர்

சர்க்கரை நோய் வந்த நாள் முதல், அந்த வீட்டில் எந்த இனிப்பு காணாமல் போனாலும் பழி பெரியவர் தலையில்தான் விழுந்தது. இன்றைக்குச் சாக்லேட் டப்பா காலி.

"வேற யாரு? அப்பாதான்," என்றான் மகன், நேரில் பார்த்தவன் மாதிரி.

"சத்தியமா நான் தொடலம்மா," என்று பெரியவர் மருமகளைப் பார்த்தார்.

அவள் சமையலறைக்குப் போனாள். சங்குப்பூவைக் கொதிக்கவிட்டு, வடிகட்டி ஆறவைத்த நீலத் தண்ணீரில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, சோடாவை ஊற்றி, நுரை பொங்க மூன்று கண்ணாடி டம்ளர்களில் கொண்டுவந்தாள்.

"பொய் சொன்னவங்க கையில இது ரோஸ் கலரா மாறிடும். கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சுக்கிட்டு இருங்க."

பெரியவர் சிரித்துக்கொண்டேதான் வாங்கினார். ஆனால் ஐஸ் கரையக் கரைய அவர் டம்ளரில் நீலம் ஊதாவாகி, ஊதா ரோஸாகிவிட்டது. அவருக்கு வியர்த்தது. தூக்கத்தில் எழுந்துபோய்த் தின்றுவிட்டோமோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

"நான்தான் சொன்னேனே," என்றான் மகன் குஷியாக.

மருமகள் தன் டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். அதுவும் ரோஸ்.

"ஐஸ் முழுக்க எலுமிச்சைச் சாறு, மாமா. கரைஞ்சா யார் கையில இருந்தாலும் நிறம் மாறத்தான் செய்யும்." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "உங்களுது என்ன கலருங்க?"

மகன் டம்ளரில் ஐஸ் கட்டிகள் மட்டும்தான் கிடந்தன. வாங்கிய கையோடு ஒரே மடக்கில் குடித்து முடித்திருந்தான்.

பதில் சொல்ல வாயைத் திறந்தான். சோடா ஏப்பம்தான் வந்தது.