இன்கார் மேல் ஆயிரம்

“என் பொண்டாட்டி சூதாடி ஆயிட்டா அக்கா. நீ வந்து ரெண்டுல ஒண்ணு முடிச்சு வை.”

தம்பி தெமிர்கான் போனில் இப்படிப் புலம்பியதும், குல்சிரா அடுத்த பஸ் பிடித்து கராகந்திக்கு வந்துவிட்டாள். ஊரார் வீட்டுச் சண்டையையே தீர்த்து வைப்பவள். தம்பி வீட்டுச் சண்டையை விடுவாளா?

கதவைத் திறந்த தம்பி மனைவி சவ்ரேஷ் முகத்தில் ஒரு பயமும் இல்லை. நாத்தனாரை மெத்தையில் உட்கார வைத்தாள். சுடச்சுடப் பவுர்சாக் மாவு உருண்டைகளைப் பொரித்து வைத்தாள். கிண்ணத்தில் பாதிக்கும் கீழேதான் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அதுதானே மரியாதை. விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

ஊற்றிக் கொடுத்த கையோடு டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அஸ்தானாவில் பெண்கள் டென்னிஸ் இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

“பாத்தியா? வந்தவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசினாளா?” என்றான் தெமிர்கான். “இன்கார்னு ஒரு பொண்ணு. இந்த வருஷம் பூரா தோத்துக்கிட்டே இருந்தவ. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவ மேல ஆயிரம் டெங்கே கட்டியிருக்கா இவ. பேங்க்லேர்ந்து மெசேஜ் வந்துதான் எனக்கே தெரியும்.”

அவனுக்கு வலிக்கத்தான் செய்யும். அவன் குடியிருப்புச் சங்கத் தலைவன். கீழ்த்தளத்தில் இருந்த பந்தயக் கடையைக் கையெழுத்து வாங்கி மூட வைத்தவன்.

“ஏண்டி சவ்ரேஷ், கட்டறதுதான் கட்டறே, ஜெயிக்கிறவ மேல கட்டினா என்ன?” என்றாள் குல்சிரா.

“தோக்கிறதுக்குத்தான் கட்டறேன்னு வெச்சுக்கோங்க அண்ணி.”

“கொழுப்பைப் பாரு. அந்தக் காசுக்கு ஆட்டுக்கறி வாங்கிப் போட்டா உன் புருஷன் கன்னத்துல சதை பிடிச்சிருக்கும்.”

“அவருக்கு வாய் நல்லாத்தான் இருக்கு அண்ணி. கன்னம்தான் பாக்கி.”

குல்சிராவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். நியாயம் சொல்ல வந்த இடத்தில் சிரித்தால் எடுபடாது.

“இப்பவே சொல்லிடு. நிறுத்தறியா, மாட்டியா?”

“மாட்டேன் அண்ணி. இன்னிக்கும் கட்டியிருக்கேன்.”

தெமிர்கான் குரல் ஏறியது. “கேட்டியா? இதுக்கு மேல என்ன? நீதான் இந்தக் குடும்பத்துக்குப் பெரியவ. அவ கிண்ணத்தை நிறைச்சு வை. அவ அம்மா வீட்டுக்குப் போகட்டும்.”

சவ்ரேஷ் திரும்பவில்லை. ஆனால் மடியில் இருந்த அவள் விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதைக் குல்சிரா பார்த்தாள். இருபத்தாறு வருஷம் இந்த வீட்டில் தேநீர் ஊற்றிய விரல்கள்.

டிவியில் கடைசி செட். இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் இன்காருக்குக் கோப்பை. சர்வ் போட்டாள், வலையில் விழுந்தது. மறுபடியும் போட்டாள், அதுவும் வலையில்.

“ஆச்சு,” என்று தொடையில் தட்டினான் தெமிர்கான். “இனிமே இவளுக்குக் கை நடுங்கும். தாஷ்கண்ட்லயும் இப்படித்தான், கைக்கு வந்ததை விட்டா கழுதை.”

குல்சிரா அவனைப் பார்த்தாள். “நீ டென்னிஸே பாக்கறதில்லன்னு போன்ல சொன்னே?”

“ஆபீஸ்ல பேசிப்பாங்க.” போனை மெத்தைக்கு அடியில் தள்ளினான்.

இன்காருக்குக் கை நடுங்கவில்லை. அடுத்தடுத்து நாலு பாயிண்ட். கடைசிப் பந்து கோட்டை உரசிக்கொண்டு பறந்ததும் ராக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அப்படியே தரையில் மல்லாந்தாள். மைதானமே எழுந்து நின்றது. சவ்ரேஷ் சோபாவின் மேல் ஏறி நின்று கை தட்டினாள், அம்பது வயசில். குல்சிராவும் தன்னை அறியாமல் கை தட்டிவிட்டாள்.

தெமிர்கான் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

யாருக்கு நன்றி சொல்வீர்கள் என்று மைக்கை நீட்டினார்கள். இன்கார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள்.

“நான் தோத்தா, என் மேல பணம் கட்டினவங்க போன்ல திட்டி எழுதுவாங்க. உன் கை ஒடியணும், உன் அம்மா சாகணும்னு எழுதுவாங்க. ஒரு நாள் ராக்கெட்டையே வித்துடலாம்னு நெனச்சேன். ஆனா கராகந்தியிலேர்ந்து பேர் போடாம ஒரு அம்மா மட்டும் வேற மாதிரி எழுதுவாங்க. ‘இன்னிக்கு என் ஆயிரமும் போச்சு. பணம் விட்ட நானே சொல்றேன், பரவாயில்ல. சூடா சூப் குடிச்சிட்டுத் தூங்கு. அடுத்த ஆட்டத்துக்கும் உன் மேலதான் கட்டுவேன்.’”

குல்சிரா நிமிர்ந்தாள். சவ்ரேஷ் சோபாவிலிருந்து இறங்கி, அவசரமாகப் பவுர்சாக் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தாள்.

“நன்றி அந்த அம்மாவுக்குத்தான்,” என்றாள் இன்கார். “ஒவ்வொரு தடவையும் கடைசி வரி மட்டும் மாறாது. ‘இதுக்கு முன்னாடி எங்க வீட்டுலேர்ந்து உனக்கு வந்த திட்டை மன்னிச்சுடும்மா.’”

அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

தெமிர்கான் ரிமோட்டைத் தேடினான். டிவியை அணைத்தான். “கண்டதையும் பேசறா. அக்கா, நீ வந்த விஷயத்தை முடி.”

“முடிச்சிடறேன்,” என்றாள் குல்சிரா.

தேநீர் ஊற்றுவது வீட்டு மருமகள் வேலை. நாத்தனார் கெட்டிலைத் தொட மாட்டாள். குல்சிரா தொட்டாள். சவ்ரேஷைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் கிண்ணத்தில் ரெண்டே மடக்கு ஊற்றினாள்.

பிறகு தம்பியின் கிண்ணத்தை எடுத்தாள்.

“அக்கா, போதும். வழியப் போகுது.”

“தெரிஞ்சுதான் ஊத்தறேன். குடிச்சிட்டுக் கிளம்பு.”