மாமனாரின் கடைசி வாக்கியம்

"ரெகே பாட்டு கட்டுவாராம், வாசிப்பாராம், பதிவு பண்ணுவாராம், டி.ஜே. வேலையும் தெரியுமாம்! ஒரு மைக்கைக் கவனிக்கத் தெரியல!"

தன் பணி ஓய்வு விழாவில் மாமனார் பொரிந்தார். அவர் பேச்சின் கடைசி வாக்கியத்தில், மைக்கைக் கவனித்த மாப்பிள்ளை, அவர் குரலை மங்கவைத்துத் தாளத்தை அதிரவிட்டிருந்தான்.

"டப் இசையில அப்படித்தான் மாமா. குரலை எடுத்துட்டு எதிரொலியை விடுவோம்."

"நல்லா எடுத்தீங்க, என் மானத்தை!"

மேனேஜர் கை நீட்டியபடி வந்தார். "நீங்க கேட்ட ரெண்டு வருஷ நீட்டிப்பு கிடைச்சிடுச்சு, இந்தாங்க ஆர்டர். ஆமா, 'நம்ம மேனேஜர் ஒரு'ன்னு ஆரம்பிச்சீங்களே, அப்புறம் என்ன சொன்னீங்க?"

'நீட்டிப்பு கேட்டும் தராத மடையன்' என்று அந்த வாக்கியத்தை முடித்திருந்த மாமனார், மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, அந்தத் தாளத்தை இன்னொரு தடவை போடுங்களேன்!"