கொஞ்சம் உயரமான கட்டில்

"உங்கப்பா ஒரு வாரத்துக்குன்னுதானே வந்தாரு?"

பால்கனியில் ரம்பம் இழுக்கும் சத்தம். அதற்கு நடுவே, கணவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவள் கேட்டாள்.

"ஆமா."

"ஒரு வாரத்துக்கு வந்தவரு எதுக்குக் கட்டில் செய்யறாரு?"

கணவன் ஷூ லேஸை ரொம்பக் கவனமாகக் கட்டினான். "பொழுது போகணும்ல."

"பொழுது போக டி.வி. இருக்கு. கட்டில் செய்யறவங்க படுக்கறதுக்குத்தான் செய்வாங்க."

மாமனார் பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி போன பிறகு பெரிய மகன் வீட்டில் இருக்கிறார். சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்றுதான் இங்கே வந்தார். ஊருக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், பழைய கதவு, ஜன்னல் விற்கும் கடையிலிருந்து பலகைகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றார்.

"கடையில வாங்கினா அநியாய விலைம்மா. மரத்தூளை ஒட்டிட்டு மரம்னு விக்கறான். நானே செஞ்சா பாதிகூட ஆகாது."

"இப்பக் கட்டிலுக்கு என்ன மாமா அவசரம்?"

"இருக்கட்டுமேம்மா" என்றபடி பலகையைத் தட்டிப் பார்த்தார். அவ்வளவுதான் பதில்.

அன்றிலிருந்து அவள் நாட்களை எண்ண ஆரம்பித்தாள்.

ஒருநாள் வேலை செய்கிற கண்ணாடிக் கடையிலிருந்து திரும்பி வந்தால், சின்ன ரூம் காலி! உடைந்த ஃபேன், அட்டைப் பெட்டிகள், இஸ்திரி போட வேண்டிய துணி மலை எல்லாம் இடம் மாறியிருந்தன. மாமனார் தரையில் மண்டியிட்டு டேப்பை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஜன்னல் பக்கம் தலை வெச்சா நல்லா காத்து வரும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

கணவன் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள். "ரூமைப் பிடிச்சாச்சு. அடுத்தது வாசல்ல பேர்ப்பலகை மாட்டறதுதான் பாக்கி."

"அப்பா பாவம்டி."

"நான் மட்டும் பாவமில்லையா? இருக்கறதே ரெண்டு ரூம். நீங்க கேக்கறீங்களா, நான் கேக்கட்டுமா?"

அவன் குளிக்கப் போய்விட்டான்.

இன்னொரு நாள் அவள் உள்ளே நுழையும்போது மாமனார் போனில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார். "சரிங்க... அதே அளவுக்கு வெச்சுடறேன். மருமக வந்துட்டா, வெச்சுடட்டுமா?"

"யாரு மாமா?"

"சும்மா... ஒரு அளவு கேட்டேன்மா."

சரிதான், மெத்தைக்கும் சொல்லியாச்சு என்று அவள் முடிவுகட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தாள். "கொஞ்ச நாள் உன்கூட வந்து இருக்கட்டுமாடி? தனியா இருக்க என்னமோ மாதிரி இருக்கு."

"இங்க எங்கம்மா இடம்? மாமனார் வந்து டேரா போட்டிருக்கார். அவர் கிளம்பட்டும், பார்க்கலாம்."

அம்மா இதற்கு முன்பும் கேட்டிருக்கிறாள். அப்போது வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை இருந்தது. அதற்கும் முன்னால் கடையில் ஸ்டாக் எடுக்கிற வேலை.

கட்டில் முடிந்துவிட்டது. மெழுகு போட்ட மாதிரி பளபளப்பு. ஆனால் சாதாரணக் கட்டிலைவிட உயரம் அதிகம்.

"ஏன் மாமா இவ்வளவு உயரம்?"

"உயரம்தாம்மா இதுல முக்கியமே."

அவள் குனிந்து பார்த்தாள். பெட்டி, படுக்கை, தட்டுமுட்டுச் சாமான் என்று ஒரு மனுஷனின் மொத்தக் குடித்தனத்தையும் அடியில் தள்ளிவிடலாம். அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்கக்கூடாது. இனிமே நீங்க இங்கேயேதானா மாமா?"

பாலிஷ் துணியோடு அவர் கை நின்றது. முகம் ஒரு கணம் என்னமோ ஆகி, மறுபடி சரியானது.

"ஐயோ, இல்லம்மா. நாளைக்குக் காலையில பஸ். பெரியவன்கிட்டயும் சொல்லியாச்சு."

"நான் கேட்டேன்னு..."

"டிக்கெட் முன்னாடியே எடுத்ததும்மா."

"அப்ப இந்தக் கட்டில்?"

"வீட்டுல ஒண்ணு இருக்கட்டும். யாராவது வந்தா வேணும்ல."

மறுநாள் காலையில் கட்டிலின் நாலு மூலையையும் அழுத்திப் பார்த்தார். உட்கார்ந்து எழுந்தார். "ஆடலை" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். கணவன் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனான்.

கதவைச் சாத்தியதும் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. கூடவே சுருக்கென்று ஏதோ குத்தவும் செய்தது. யாருக்குமே இல்லாத கட்டிலுக்கா மனுஷன் இந்தப் பாடு பட்டார்?

போன் அடித்தது. அம்மா. குரல் தழுதழுத்தது.

"ஏண்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ!"

"என்னம்மா சொல்லலை?"

"சம்பந்தி போன் பண்ணி, நாற்காலியில உட்கார்ந்தா முட்டி தரையிலேர்ந்து எத்தனை அங்குலம்னு அளந்து சொல்லச் சொன்னார். இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னும் சொன்னார். எனக்கு ஒண்ணுமே புரியலை. தாழ்வா இருந்தா என்னால எழுந்திருக்க முடியாதுன்னு இவ்வளவு யோசிச்சிருக்கீங்களேடி!"

அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து சாயங்காலம்தான் விஷயத்தையே சொன்னார்" என்று அம்மா மூக்கை உறிஞ்சினாள். "'கிளம்பி வாங்க சம்பந்தியம்மா, கட்டில் தயார். எனக்கெங்க தோணுச்சு? அம்மாவுக்கு செஞ்சு கொடுத்துட்டுத்தான் போகணும்னு, ஊருக்குக் கிளம்பின என்னைப் பிடிச்சு வெச்சதே உங்க பொண்ணுதான்'னார்டி!"