நாலு பூட்டும் வேண்டாம்

“நாலு கதவுப் பூட்டையும் கழட்டிப் போட்டுடு, மேஸ்திரி.”

ஐசக்குக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. ஓசூரில் பெங்களூர் ரோட்டோரம் அவன் கார் ரிப்பேர் ஷெட் போட்டு எட்டு வருஷமாகிறது. பூட்டு விழவில்லை என்று வருவார்கள், சாவி தொலைந்தது என்று வருவார்கள். பூட்டே வேண்டாம் என்று ஒருத்தரும் வந்ததில்லை.

“கெட்டுப் போச்சுங்களா?”

“நல்லாத்தான் இருக்குது.”

“சாவி?”

வந்தவர் இடுப்பு மடியைத் தட்டிக் காட்டினார். கெலமங்கலம் பக்கம் நிலபுலம் உள்ள ராஜப்பன். வண்டி பழைய சீமைக் கார். பின்கதவு ஒன்றில் கண்ணாடியே இல்லை.

“கண்ணாடி எப்படிங்க போச்சு?”

“உடைச்சாங்க.”

“யாரு?”

ராஜப்பன் கண்ணாடி போன கதவைக் காட்டினார். “புதுசு போட்டுடு. வெளிய நின்னு கையால அமுக்கினாலே கீழ எறங்கணும். சாயங்காலத்துக்குள்ள முடியுமா?” என்றார்.

ஐசக் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

போன வருஷமும் இப்படித்தான் ஒரு பெரிய மனுஷன் வந்தான். “காத்து உள்ள வருது, கதவுக்குள்ள ஒரு தகடு வச்சுக் குடு” என்றான். இவனும் வைத்துக் கொடுத்தான். அந்தத் தகட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு பாட்டில் பிராந்தியோடு கார் செக்போஸ்டில் மாட்டிக்கொண்டது. எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போனால் சரக்கு தாராளம், இந்தப் பக்கம் மதுவிலக்கு. ஐசக் மூன்று நாள் லாக்கப்பில் கிடந்தான். பெண்டாட்டி ஜெபசீலி ஸ்டேஷன் வாசலில் நின்று அழுததை ஊரே பார்த்தது.

“இன்னொரு தடவ உன் பேரு அடிபட்டுச்சு, ஷெட்டுக்கு சீல்தான்” என்று சொல்லித்தான் வெளியே விட்டார்கள்.

இப்போது பூட்டில்லாத கார்! எதற்கு என்று ஐசக்குக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சரக்கோடு பிடிபட்டால், ‘வண்டிக்குப் பூட்டே இல்லீங்க, எவனோ வச்சுட்டுப் போயிட்டான்’ என்று கையை விரித்துவிடலாமே. படு கில்லாடி!

கூட வந்திருந்த டிரைவரின் வாயைக் கிளறிப் பார்த்தான். திம்மராயன் என்று பேர். வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.

“பூட்டு எதுக்குப்பா வேணாங்கறாரு உங்க மொதலாளி?”

“அவரையே கேளுங்க.”

தமிழில் கேட்டான், தெலுங்கில் கேட்டான், கன்னடத்திலும் கேட்டான். எதற்கும் அவன் முகம் கொடுக்கவில்லை. வாங்கிக் கொடுத்த டீ அப்படியே ஆறிப்போனது. மடியில் கனமில்லாதவன் இப்படியா இருப்பான்?

பின்சீட்டுக்கு அடியில் ஒரு மூட்டை இருந்தது. மெல்லப் பிரித்துப் பார்த்தான். துவைத்து மடித்த பழம்புடவைகள், ஏழெட்டு இருக்கும். பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் சுற்றுவதற்குத்தான்!

“ஸ்க்ரூ வாங்கிட்டு வரேனுங்க” என்று கிளம்பியவன் நேராகப் போய் ஏட்டு மாரிசாமியைக் கூட்டிக்கொண்டு வந்தான். இவனை அன்றைக்கு அடைத்துப் போட்ட அதே ஏட்டு.

மாரிசாமி வண்டியைச் சல்லடையாகச் சலித்தார். நாலு கதவின் உள் அட்டையையும் ஐசக்கே சுறுசுறுப்பாகக் கழட்டிக் காட்டினான். நொறுங்கிய கண்ணாடித் துண்டுகளைத் தவிர உள்ளே ஒன்றுமில்லை. மூட்டையை உதறினார்கள். புடவைக்கு நடுவிலிருந்து ஒரு புது பிளேடும் நூல்கண்டும் விழுந்தன.

“இதெல்லாம் எதுக்குய்யா?”

“பிரசவத்துக்குங்க, ஏட்டையா” என்றார் ராஜப்பன். “போற வழியிலயே ஆயிட்டா வேணுமில்லீங்களா?”

“உன் வண்டியிலயா?”

“எங்க பக்கம் வேற வண்டி கெடையாதுங்க. இனிமே யாருக்கு ஆபத்துன்னாலும், நான் இருந்தாலும் இல்லாட்டியும், எடுத்துட்டுப் போகட்டும். கெளப்பறதுக்குச் சாவி வேணாம், குமிழை அமுக்கினாப் போதும். கதவுக்கு மட்டுந்தான் சாவி.”

ஏட்டுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. “அதுக்கு எதுக்குய்யா பூட்டைக் கழட்டணும்? டிரைவர்கிட்ட சாவியைக் குடுத்துட்டா ஆச்சு!”

“குடுத்தேனுங்க. வாங்க மாட்டேங்கறான்.”

சொல்லும்போதே ராஜப்பனின் குரல் இறங்கிவிட்டது.

“நான் ஒருத்தரையும் நம்பாதவன் ஏட்டையா. டிரைவரையும் நம்பினதில்ல. எங்க போனாலும் சாவி என் மடியிலதான். போன மாசம் பெட்ரோல் மிச்சம்னு ராயக்கோட்டைக்குப் பஸ்ல போயிட்டேன். அந்நேரம் பார்த்து ஒரு பொம்பளைக்கு வலி கண்டுடுச்சு. வண்டி வாசல்லயே நிக்குது, கதவு பூட்டிக் கெடக்குது.”

“கண்ணாடியை உடைச்சுத் தொறக்க வேண்டியதுதானே?”

“டிரைவர் உடைச்சான். ஆனா எனக்குப் பயந்துக்கிட்டு, உடைக்கலாமா வேணாமான்னு கல்லைக் கையில வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் நின்னிருக்கான். ஆசுபத்திரியில கொழந்தையைக் காப்பாத்திட்டாங்க. தாயி பொழைக்கல.”

ஐசக் குனிந்து, கழட்டிப் போட்ட ஸ்க்ரூக்களைப் பொறுக்கத் தொடங்கினான். போலீசைக் கூட்டிவந்த வெட்கத்தில் அவனுக்கு நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை.

ஏட்டு தொப்பியைக் கழற்றினார். “பாவம். யாரு அந்தப் பொம்பள?”

புளியமரத்தடியில் திம்மராயன் இன்னும் வண்டிக்கு முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்திருந்தான்.

ராஜப்பன் சொன்னார்: “அவன் பொண்டாட்டிங்க.”