ரிஜெக்‌ஷனே இல்லாத வெண்டர்

கும்மிடிப்பூண்டி பம்ப் கம்பெனிக்குப் புதிதாக வந்த மேனேஜர் அன்புசெல்வன், வெண்டர்களை எல்லாம் கூட்டி வைத்து வறுத்தெடுத்தார். போல்ட் சப்ளை தாமதம். வாஷரில் அளவுக் கோளாறு.

கடைசி நாற்காலியில், கழுத்தில் வெண்டர் கார்டு தொங்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"பேர் என்னம்மா?"

"ஏஞ்சலின் சார்."

"உங்க டெலிவரி எப்படி?"

"ஒரு நாளும் லேட் ஆனதில்ல சார். பர்ஸ்ட் ஷிப்ட் உள்ள போறதுக்குள்ள கேட்டாண்ட சுடச்சுட ரெடியா இருக்கும்."

"அளவு?"

"எல்லாம் ஒரே அச்சு சார். கூடக் கொறைய வராது."

"ரிஜெக்‌ஷன்?"

"இதுவரிக்கும் ஒரு பீஸ் திரும்பி வந்ததில்ல."

அன்புசெல்வனுக்குப் புல்லரித்துவிட்டது. மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா? இவங்கள மாதிரி சின்னதா தொழில் பண்றவங்களாலதான் இந்த ஏரியாவே வளருது. இவங்க சப்ளை ஒரு நாள் நின்னா நம்ம லைனே நின்னுடும்."

எல்லோரும் கை தட்டினார்கள். பின்வரிசை சூப்பர்வைசர்கள் மட்டும் குனிந்து சிரித்தார்கள்.

"அப்போ வண்டிய எடுக்க வேணாம்தானே சார்?" என்றாள் ஏஞ்சலின்.

"எந்த வண்டி?"

"கேட்டாண்ட அசிங்கமா கீது, இன்னிக்கே தூக்குன்னு செக்யூரிட்டியாண்ட சொன்னீங்களே, அந்த இட்லி வண்டிதான். நானும் வெண்டர்தான்னு, ரோட்டுக் கடைக்காரங்களுக்குக் குடுத்த இந்தக் கார்ட காமிச்சேன். அப்போ மீட்டிங்ல போய்ப் பேசிக்கோன்னு உள்ள உட்டாரு."

அன்புசெல்வன் வாயைத் திறப்பதற்குள் மறுபடியும் கைதட்டல். இந்த முறை சூப்பர்வைசர்கள்தான் ஆரம்பித்தார்கள்.