விரிசல் மேல் ஒட்டிய தாள்

சாரல் தொடங்கியதும் வள்ளித்தாயின் வீட்டில், தொட்டிலுக்கு மேலே சுவர் விரிசல் விட்டது. கடற்கரை என்ற கொத்தனார் விரிசலுக்குக் குறுக்கே ஒரு தாளைக் கஞ்சிப் பசையால் ஒட்டினார்.

“தாளு கிழிஞ்சா சொவரு நகருதுன்னு அர்த்தம். புள்ளையத் தூக்கிட்டு உடனே வெளிய போயிரு தாயி.”

கணவன் பர்மாவில், பட்டாளத்தில் இருந்தான். வீட்டில் அவளும் கைக்குழந்தையும்தான். தினமும் எழுந்ததும் பார்ப்பாள். தாள் கிழியவே இல்லை. நிம்மதியாக அங்கேயே இருந்தாள்.

மழை விட்ட ஒரு காலையில் கடற்கரை வந்து தாளை உரித்தார். அடியில் இன்னொரு தாள், நடுவே கிழிந்திருந்தது. அதற்கடியிலும் ஒரு கிழிந்த தாள்.

“கிழியக் கிழிய ஒட்டி என்னைய ஏமாத்துதியாக்கும்?”

“நான் தொடவேயில்ல, அண்ணாச்சி.”

உரித்த தாளின் பசையை அவர் தொட்டுப் பார்த்தார். சூடு ஆறவில்லை.

வள்ளித்தாய் அன்று இன்னும் அடுப்புப் பற்றவைக்கவில்லை.