மாடிக்கு விட்ட கம்பி

கோவில்பட்டி ஞானதுரையின் வீடு கெட்டிக்கார வீடு. கூரையில் விழும் வெயிலை மின்சாரமாக விற்று அதுவே பணம் சேர்க்கும்; எதை இடிப்பது, எதைக் கட்டுவது என்பதையும் அதுவே சொல்லும். ஊரெல்லாம் பெருமை பேசுவார். ஆனால் அடுப்படிக்குப் புது கிரானைட் கேட்டபோது வீடு மறுத்துவிட்டது.

"மேல ஒரு ரூம் எடுப்போம்யா. தனி மாடிப்படி வச்சு."

"மகன் கனடாவுலயே தங்கிட்டான். இங்க நாங்க ரெண்டே பேரு. யாருக்கு ரூம்?"

மனைவி எஸ்தர்தான் உடைந்து அழுதாள்.

"நம்ம மக மெர்லினை மாப்ள அடிக்காராம்ங்க. தினமும் போன்ல அழுவுதா. அப்பாட்ட சொல்லாதம்மான்னா."

ஞானதுரைக்கு இப்போதுதான் விளங்கியது. வந்து போகிறவர்களுக்கெல்லாம் மகள் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம் என்றுதான் தனிப் படி. போனில் கேட்ட அழுகையை வைத்து, பெற்ற தகப்பனுக்கு முன்னால் வீடு யோசித்திருக்கிறது.

சட்டையை மாட்டினார். "பிள்ளையக் கூட்டியாரேன்."

வாசலில் நின்று திரும்பினார். "மகனுக்குன்னு மாடில தூண் எழுப்பக் கம்பி விட்டுருக்கேன். துருப்பிடிச்சிருக்கான்னு பாரு."

"போன மாசமே பார்த்துட்டேன்யா," என்றது வீடு. "தாங்கும்."